மின் புகையூட்டி: பேணுதலும் பழுது காணுதலும்

புகையைக் கண்டால் நெருப்பு உண்டென்று உய்த்துணர்வது தருக்க நூலின் முதற்பாடம். நான் இன்று மன்றத்து அன்பர்களுக்குச் சொல்ல வந்திருப்பதோ அதற்கு மறுதலையான பாடம். நெருப்பே கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி. அதிலிருந்து புகை வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. குறை எங்கே என்று உய்த்துணர்வது எப்படி? மின்சாரம் படிக்காத மாணவரும் இதனைக் கற்கலாம். ஓம் விதி ஒன்றும், சிறிது பொறுமையும் போதும்.

உணவைப் புகையூட்டிக் காப்பது மிகப் பழைய கலை. நாம் படிக்க வந்திருக்கும் இந்த ஷில்லாங் மலையிலும், அப்பால் நாகாலாந்திலும் அடுப்புக்கு மேலே பரண் கட்டி அதில் இறைச்சியை வாட்டி வைக்கும் வழக்கத்தை நம்மிற் பலர் நேரில் கண்டிருக்கிறோம். புகையூட்டிய பன்றி இறைச்சியை அக்சோனி என்னும் புளித்த சோயாவோடு சமைத்து நாக நண்பர்கள் நம்மை விருந்துக்கு அழைத்ததும் உண்டு. நமக்கும் இது முற்றும் புதிதன்று. மினிக்காய்த் தீவிலும் மாலத்தீவிலும் சூரைமீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தி மாசி செய்கின்றனர். அந்த மாசி நம் கடற்கரை ஊர்களிலும் இலங்கைத் தமிழர் அடுக்களையிலும் நெடுங்காலமாகப் புழங்குவது. புலால் உண்ணாத நண்பர்கள் மிளகாய், கத்தரிக்காய், பனீர் ஆகியவற்றைப் புகையூட்டிச் சுவைக்கலாம்.

இக்கலையை ஒரு பெட்டிக்குள் அடக்கியதே மின் புகையூட்டி. இதனை ஸ்மோக்கர் என்றே பலரும் சொல்கின்றனர். இனி, என் அறியாமையால் நேர்ந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

ஒரு காணும் பொங்கல்

வெளியே வீடெடுத்துத் தங்கியிருந்த ஆராய்ச்சி மாணவரான அண்ணன் ஒருவரிடம் இக்கருவி இருந்தது. மழைக்காலம் முழுதும் அது பின்பக்கத் தாழ்வாரத்தில் மூடியின்றிக் கிடந்தது. காணும் பொங்கலன்று நாங்கள் பன்னிரண்டு பேர் அவர் வீட்டில் கூடினோம். கருவியைச் செருகி ஐந்து நிமிடம் ஆகவில்லை. வீடு முழுதும் மின்சாரம் நின்றது. மீண்டும் போட்டோம், மீண்டும் நின்றது. நான்காம் முறை, நான் என்னைப் பெரிய மின்வல்லுநனாக எண்ணிக்கொண்டு, "அண்ணா, இந்த மூன்றாவது கம்பிதான் வம்பு செய்கிறது" என்று சொல்லி, பிளக்கைத் திறந்து பச்சை நிற எர்த் கம்பியைக் கழற்றி விட்டேன். மின்சாரம் நிற்கவில்லை. கருவி சூடேறியது. எல்லோரும் கைதட்டினர்.

சிறிது நேரத்தில், முதலாண்டுத் தம்பி ஒருவன் கைகால் கழுவிய ஈரத்தோடு வெறுங்காலில் வந்து கதவின் பிடியைத் தொட்டான். ஓர் அலறல், உடனே வீடு இருண்டது. வீட்டில் பொருத்தியிருந்த கசிவுத் தடுப்பான் அவனைக் காத்தது. ஒரு மணி நேரம் அவன் கை மரத்துக் கிடந்தது. அந்தச் சிறு கருவி மட்டும் அவ்வீட்டில் இல்லாதிருந்தால், இந்தக் கட்டுரையை எழுதும் மனம் எனக்கு இருந்திராது.

தூதன் கொண்டுவந்த செய்தி பிடிக்கவில்லை என்று தூதனை வெட்டினேன். அதுவே நான் செய்த பிழை. அச்செய்தி யாது என்பதை இனிக் காண்போம்.

பெட்டியின் உள்ளே

மின் புகையூட்டியின் உறுப்புகள் சிலவே. வெப்பக்காப்பு உள்ள இரும்புப் பெட்டி, அதன் அடியில் வெப்பமூட்டும் கம்பி, அதன் மேலே மரச்சில்லுகளை இடும் தட்டு, அதற்கும் மேலே தண்ணீர்த் தட்டு, பிறகு உணவை அடுக்கும் கம்பி வலைகள், கொழுப்பு வடியும் தட்டு, உச்சியில் புகைபோக்கி. வெப்பத்தை அளக்கும் உணரி ஒன்றும், அதன் சொற்படி மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் உண்டு. அளவு மீறிச் சூடேறினால் துண்டிக்கும் காவற்கருவியும் பெரும்பாலானவற்றில் இருக்கும்.

இவற்றுள் உயிர்நாடி வெப்பமூட்டும் கம்பி. வெளியே நாம் காண்பது எஃகுக் குழாய். அதன் நடுவே நிக்ரோம் கம்பிச் சுருள் ஓடுகிறது. சுருள் குழாயைத் தொடாதபடி இடைவெளி முழுதும் மெக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடி இறுக நிரப்பப்பட்டிருக்கிறது. இப்பொடி வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆயின் அதற்கு ஒரு குணம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். ஈரம் ஏறிய பொடி மின்சாரத்தைச் சிறிது கசியவிடும். மவ்சின்ராமும் சோராவும் இருக்கும் மேகாலயத்தில், மழைக்காலம் முழுதும் வெளியே கிடந்த கருவியின் பொடி ஈரமாகாமல் எவ்வாறு இருக்கும்?

இதோ கணக்கு. 230 வோல்ட்டில் 800 வாட் கருவி ஏறத்தாழ 3.5 ஆம்பியர் இழுக்கும். வீடுகளில் பொருத்தும் கசிவுத் தடுப்பான் பொதுவாக 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் கசிந்தால் துண்டிக்கும். இது கருவி இழுக்கும் மின்னோட்டத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே கருவி நன்றாகச் சூடேறுகிறது என்பதால் அது நலமாக இருக்கிறது என்று கொள்ளலாகாது. எர்த் கம்பி இருக்கும்வரை கசிவு அதன் வழியே மண்ணுக்குச் செல்லும். தடுப்பான் அதை உணர்ந்து துண்டிக்கும். அக்கம்பியைக் கழற்றிவிட்டால் பெட்டியின் உடல் முழுதும் மின்னேறி, தொடுபவன் உடலை வழியாகக் கொள்ளக் காத்திருக்கும். எர்த் கம்பியை எக்காரணத்தாலும் கழற்றாதீர்கள். இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

அளந்து அறிதல்

எந்தச் சோதனைக்கும் முதற்படி பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குதல். ஸ்விட்சை நிறுத்துவது மட்டும் போதாது. கருவி நன்கு ஆறிய பின்னரே கை வைக்க வேண்டும்.

வெப்பமே இல்லையெனில் வெளியிலிருந்து உள்ளே, எளிதிலிருந்து அரிதுக்குச் செல்லுங்கள். அதே சாக்கெட்டில் வேறொரு விளக்கைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரிந்தால், கருவியின் கம்பி நசுங்கியோ எலி கடித்தோ இருக்கிறதா என்று நோக்குங்கள். அதன்பின் அடிப்பக்க மூடியைத் திறந்து, வெப்பமூட்டும் கம்பியின் இரு முனைகளிலும் செருகியிருக்கும் லக்குகளைக் காணுங்கள். பழுதுகளிற் பல இங்கேதான் பிறக்கின்றன. லக் தளர்ந்தால் அவ்விடத்தில் தடை கூடும். தடை அரை ஓம் ஆனாலும், 3.5 ஆம்பியரில் அங்கே ஆறு வாட் வெப்பம் ஊசிமுனை போன்ற இடத்தில் எழும். வெப்பத்தால் உலோகம் துருவேறும். துருவால் தடை மேலும் கூடும். இறுதியில் லக் கருகி அறும். கருகிய லக்கைச் சுரண்டி மீண்டும் செருகுவது வீண்வேலை. கம்பியைக் கருகாத இடம்வரை வெட்டி, வெப்பம் தாங்கும் புதிய லக்கை இறுக்கிப் பொருத்த வேண்டும்.

லக்குகள் நலமெனில், இரு கம்பிகளையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரால் வெப்பமூட்டியின் தடையை அளவுங்கள். எவ்வளவு இருக்கவேண்டும்? வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் விடை வரும். 230 வோல்ட், 800 வாட் கருவிக்கு ஏறத்தாழ 66 ஓம். அளவு அதன் அருகே இருந்தால் சுருள் நலம். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. புதிதாக மாற்ற வேண்டியதுதான். சுருள் நலமாயிருந்தும் வெப்பம் இல்லையெனில், குறை காவற்கருவியிலோ கட்டுப்பாட்டுக் கருவியிலோ இருக்கும்.

மின்சாரம் அடிக்கடி துண்டித்தால், சுருளுக்கும் எஃகுக் குழாய்க்கும் இடையே உள்ள தடையை அளக்க வேண்டும். மல்டிமீட்டர் மிகச் சிறு மின்னழுத்தத்தில் அளப்பதால் ஈரக் கசிவை அது காட்டாமலும் போகலாம். இதற்கு ஏற்றது 500 வோல்ட் மெக்கர். ஆய்வுக்கூடத்திலோ மின்பணியாளரிடமோ அது கிடைக்கும். ஒரு மெக்காமுக்குக் குறைந்தால் ஐயத்துக்குரியது. மெக்கர் வைக்குமுன் வெப்பமூட்டியைக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து முற்றும் பிரித்துவிடுங்கள். இல்லையேல் அதன் மின்னணு உறுப்புகள் கெடும்.

ஈரமே காரணமென்றால் மருந்து எளிது. வெப்பமூட்டியைக் கழற்றி, சமையல் ஓவனில் 120 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்துங்கள். ஆறியபின் மீண்டும் அளவுங்கள். தடை உயர்ந்து நின்றால் பொருத்தலாம். உயரவில்லையெனில் குழாயில் வெடிப்பு இருக்கும். அதைத் தூக்கி எறியுங்கள். அண்ணன் வீட்டுக் கருவி இவ்வாறு உலர்ந்தே குணமடைந்தது. எர்த் கம்பியை நானே திரும்பப் பொருத்தினேன்.

மின்னழுத்தம் செய்யும் மாயம்

கருவி பழுதின்றியும் மந்தமாக இருப்பதுண்டு. குளிர்கால மாலையில் ஊரார் அனைவரும் ஹீட்டர் போடும்போது 230 வோல்ட் 190 ஆக இறங்கிவிட்டது என்று கொள்வோம். 800 வாட் கருவி அப்போது 660 வாட் தரும் என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. ஆற்றல் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலால் கிடைப்பது சுமார் 546 வாட்டே. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது! கருவியைக் குறை கூறுமுன் வோல்ட்டை அளந்து பாருங்கள்.

இதன் மறுபக்கம் கொடியது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவி 120 வோல்ட்டுக்கு உரியது. அதன் 800 வாட் வெப்பமூட்டியின் தடை 18 ஓம் மட்டுமே. அதனை நம் 230 வோல்ட்டில் செருகினால் ஏறத்தாழ 2,940 வாட் பாயும். சில நொடிகளில் அது உருகிவிடும்; அல்லது தீப்பற்றும். பெட்டியின் பின்புறத் தகட்டைப் படிக்காமல் எதையும் செருகலாகாது.

புகை வரவில்லை; அல்லது கசக்கிறது

வெப்பம் இருந்தும் புகை இல்லையெனில், பெரும்பாலும் குறை மரத்தில்தான். சில்லுகளைத் தண்ணீரில் ஊறவைப்போர் உண்டு. தண்ணீர் முழுதும் ஆவியாகும்வரை மரம் புகையாது. முதலில் வரும் வெண்மை நீராவியே. உலர்ந்த சில்லுகளை ஒரு கைப்பிடி அளவே இடுங்கள். மற்றொரு காரணமும் உண்டு. பெட்டி குறித்த வெப்பத்தை அடைந்துவிட்டால் கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தை நிறுத்தி வைக்கும். அந்நேரம் சில்லுத் தட்டும் ஆறும். உணவைச் சிறிது முன்னதாகவே வைத்தால் வெப்பமூட்டி நெடுநேரம் எரியும், புகையும் எழும்.

புகை நீலமாய், மெலிதாய் இருக்கவேண்டும். மரத்திலுள்ள லிக்னின் சிதைந்து குவையகோல், சிரிங்கோல் ஆகிய பொருள்களாகிறது. புகைச்சுவையின் பெரும்பகுதி இவற்றால் வருவது. காற்றோட்டம் இல்லாமல் அடைபட்ட புகையோ தடித்து, வெளுத்து, தாராக மாறி உணவின் மேல் படியும். நாக்கு மரத்துப்போகும் கசப்பு அதனால்தான். ஆதலால் புகைபோக்கியை முழுதும் திறந்து வையுங்கள்.

மரத்தைத் தேர்வதில் ஷில்லாங் மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. திரும்பிய பக்கமெல்லாம் பைன் நிற்கிறது; விறகு மலிவு. ஆயினும் பைன் ஆகாது. அதன் பிசின் உணவைக் கசக்கச் செய்யும். பெட்டி முழுதும் கரி அப்பும். ஓக், ஆல்டர், மா, பலா போன்ற பிசினில்லா மரங்களே தக்கன. வண்ணம் பூசிய பலகையும், பூச்சிமருந்து ஏற்றிய கட்டையும், ஒட்டுப்பலகையும் நஞ்சு.

வெப்பமானி பொய் சொல்கிறதா?

உணரியின் மேல் புகைக்கரியும் கொழுப்பும் படிந்தால் அது வெப்பத்தைக் காலந்தாழ்த்தியே உணரும். அதனால் பெட்டி ஏறியும் இறங்கியும் ஊசலாடும். குறித்த அளவிலிருந்து சில பாகை மேலும் கீழும் செல்வது இயல்பே. முப்பது நாற்பது சென்றால் உணரியை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். திரையில் நிறுத்தம் என்று காட்டியும் வெப்பம் ஏறிக்கொண்டே போனால், ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டன என்று அறிக. உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

வெப்பமானியைச் சோதிக்கக் கொதிநீரில் இட்டுப் பார்ப்பது வழக்கம். சென்னையில் அது 100 காட்ட வேண்டும். ஷில்லாங் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். இதை அறியாதவர், நல்ல வெப்பமானியைக் கெட்டதென எண்ணி ஐந்து பாகை கூட்டித் திருத்திவிடுவார். பிறகு அது 74 காட்டும்போது கோழி இறைச்சி உண்மையில் 69 பாகையில்தான் இருக்கும். உருகும் பனிக்கட்டி நீரில் சோதிப்பதே இங்கு எளிது. மலையிலும் கடற்கரையிலும் அது 0 பாகையே.

பழுது அல்லாத ஒன்றைப் பழுதென எண்ணுவதும் உண்டு. பெரிய பன்றி இறைச்சித் துண்டின் உள்வெப்பம் 65 முதல் 75 பாகைக்குள் வந்ததும் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். கருவி செத்துவிட்டது என்று பலர் திறந்து திறந்து பார்ப்பர். திறக்கும் தோறும் வெப்பம் ஓடிப்போகும். உண்மை யாதெனில், மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். பெட்டியின் வெப்பம் குறையாமல் இருந்தால், காத்திருப்பதே மருந்து.

மின்சாரம் போய்விட்டால்

ஏறத்தாழ 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். அவ்வெல்லைக்குள் இறைச்சி மொத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருத்தல் கூடாது. மின்சாரம் நின்றால் கதவைத் திறவாதீர்கள். விரைவில் திரும்பாது என்று தோன்றினால் இறைச்சியைக் குக்கருக்கு மாற்றி அடுப்பில் வேகவையுங்கள். பாதி வெந்ததை எடுத்துவைத்து மறுநாள் தொடர்வது தீங்கு. முடிவில் உள்வெப்பம் முழுத் துண்டுப் பன்றி இறைச்சிக்கு 63 பாகை, கோழிக்கு 74 பாகை ஆகியிருக்க வேண்டும். பன்றி இறைச்சியை எடுத்தபின் மூன்று நிமிடமாவது வைத்திருந்து வெட்டுக. வேகவைக்காமல் குளிர்ந்த புகையில் வாட்டும் முறைக்கு உப்பளவும் பதமும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். மேலோட்டமாகக் கற்றவர் முயலலாகாது.

இன்னொன்று: புகையும் மரம் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். குளிருக்கு அஞ்சிக் கருவியை விடுதி அறைக்குள் வைத்துக் கதவடைப்பது உயிரோடு விளையாடுவதாகும். மின்கருவி என்பதால் அது அடுப்பல்ல என்று எண்ணாதீர்கள். திறந்த வெளியே அதற்கு இடம். மழைபடாத இடமாகவும் அது இருத்தல் வேண்டும்.

பேணும் முறை

புதிய கருவியை முதலில் வெறுமையாகவே மூன்று மணி நேரம் உயர்ந்த வெப்பத்தில் ஓட்டி, கடைசி முக்கால் மணியில் சில்லுகளை இடுங்கள். ஆலையில் பூசிய எண்ணெய் எரிந்துபோகும். சுவரில் கருமெருகு ஏறும். அம்மெருகைச் சுரண்ட வேண்டா. அது துருவைத் தடுக்கும். செதிலாக உரிந்து தொங்கும் தாரை மட்டும் மரக்கரண்டியால் தட்டி எடுங்கள்.

ஒவ்வொரு முறையும், ஆறியபின், சாம்பலைக் கொட்டுங்கள்; கொழுப்புத் தட்டைக் கழுவுங்கள். தேங்கிய கொழுப்பே தீயின் வித்து. தீப்பற்றினால் கதவை மூடிப் பிளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கதவின் சுற்றுப்பட்டையைத் துடைத்து, புகை கசிகிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் குழாய்நீர் பாய்ச்சிக் கழுவுதல் ஒருபோதும் கூடாது. எடுத்து வைக்கும்போது தண்ணீர்த் தட்டைக் காலிசெய்து, கதவைச் சிறிது திறந்தே வையுங்கள். மூடினால் பூசணம் பூக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் வெறுமையாக ஓட்டினால் பொடியில் ஈரம் தங்காது.

அன்பர்களே! கருவி பேசாது, ஆனால் குறிகளால் சொல்லும். மின்சாரம் துண்டிப்பதும், புகை வெளுப்பதும், வெப்பம் ஊசலாடுவதும் அதன் மொழி. அம்மொழியைக் கேட்டு, காரணத்தை அளந்து, பிறகே கையை நீட்டுதல் வேண்டும். நான் கேளாமல் கையை நீட்டினேன். அடியை வேறொருவன் வாங்கினான். அத்தம்பி இன்றும் என்னைக் கண்டால், "அண்ணா, மூன்றாவது கம்பி எப்படி இருக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறான். இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது, தம்பி. இனி எங்கும் அசையாது.